கை வந்த செவ்வாய்க்கிழமை

மலைச்சாமிக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது சித்திரை மாதத்தில். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கண்மாயில் ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவன், லீவரைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டான். கூட இருந்தவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்து, நிழலில் படுக்கவைத்து, மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. பக்கவாதம் என்றார்கள். ஒரு மாதத்தில் பேச்சு திரும்பியது. கால், இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது.

அவன் மனைவி மாயக்காள் உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். விடுப்புப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். குளிப்பாட்டினாள், சட்டை மாட்டிவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள். அந்த வலது கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான இருபத்தாறு வருசத்தில் அது அவள்மேல் விழாத மாதமில்லை. முன்பல் ஒன்று அதனால் போனது. இடது காது பாதிதான் கேட்கும். அந்தக் கையைத்தான் இப்போது வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, விரல் விரலாக நீவிவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி தனக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அவளுக்கே பயமாக இருக்கும். பாவம் செய்துவிட்டவள் போல அவசரமாக எழுந்து அவனுக்கு ஏதாவது செய்யப் போவாள்.

ஆவணியில், மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆராய்ச்சிக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் போல ஒரு பட்டை. முடங்கிய கையில் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். கை ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் பட்டை அதிர்ந்து ஞாபகப்படுத்தும். எத்தனை தடவை, என்ன வேகத்தில் அசைந்தது என்பதெல்லாம் செல்போன் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். மொத்தம் பன்னிரண்டு வாரம். பிசியோதெரபி பார்க்கும் இந்துப்ரியா சின்னப் பெண், பொறுமையாக விளக்கினாள். மாயக்காள் கையைத் தூக்கிவிட்டால் அதுவும் தெரிந்துவிடுமாம். தானாக எழும் கைக்கும் பிறர் தூக்கும் கைக்கும் கம்ப்யூட்டரில் கோடு வேறுமாதிரி விழுமாம். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்றாள்.

மாயக்காள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டை அதிரும்போதெல்லாம் டம்ளரை, வெங்காயத்தை, தீப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்து எட்டி எடுக்கச் சொன்னாள். மலைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. அவளும் பட்டையும் சேர்ந்துகொண்டு தன்னை மேய்ப்பதாக வருகிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொண்டான். நாலாவது வாரம் கட்டைவிரல் துடித்தது. ஐந்தாவது வாரம் தோள் லேசாக எழும்பியது.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பட்டை அதிர்ந்தது. அவள் டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை, "எட்டி எடுய்யா, சும்மா கெடந்தா எப்பிடி வரும்?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவன் முழங்கையைத் தொட்டாள்.

அந்தக் கை விசுக்கென்று எழுந்து சுழன்று வந்து, பட்டையோடு சேர்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது. டம்ளர் உருண்டு போனது.

முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான்.

"கை வந்துருச்சுய்யா."

அவன் தன் கையைப் பார்த்து விம்மினான். அவளும் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். திருப்பூரில் இருக்கும் மகள் தமிழ்வாணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். மத்தியானம் தலை சீவக் கண்ணாடி முன் நின்றபோதுதான் பார்த்தாள்: கன்னத்தில் பட்டையின் கட்டம் நாலு மூலையும் தெரியப் பதிந்திருந்தது. அடி வாங்கியதற்குத் தேங்காய் உடைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சீப்பை வைத்துவிட்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்துப்ரியா கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பினாள். தாழ்வாக ஓடிய கோட்டில் ஓரிடத்தில் மட்டும் கோபுரம் போல ஒரு எழுச்சி. பெரிய டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் என்ன செய்தார் என்று ஆசையாகக் கேட்டாள்.

மலைச்சாமி மனைவி பக்கம் திரும்பாமல் சொன்னான்: "தண்ணி குடிக்கக் கைய நீட்டுனேன்."

அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று மாயக்காள் காத்திருந்தாள். அவன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணிக்கு நீட்டல தாயி," என்றாள். "என்னைய அடிச்சாரு."

இந்துப்ரியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த நோயில் கோபம் வருவது சகஜம், வீட்டில் இருப்பவர்கள்தான் அனுசரிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் அசைவு நல்ல அசைவு என்றார். நோய்க்கு முன்னாலும் அடிதான் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். இந்துப்ரியா மட்டும் வாசல்வரை வந்தாள். பெண்களுக்கான உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆராய்ச்சிப் பதிவிலிருந்து அந்த அசைவைத் தன்னால் எடுக்க முடியாது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் மாயக்காள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். உசிலம்பட்டியில் கண்டக்டர்தான் அவனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை அவள் சத்துணவுக் கூடத்துக்குக் கிளம்பினாள்.

"சோறு மூடி வச்சிருக்கேன். பட்டை அதிர்ந்தா நீயே பாத்துக்க. இனிமே அந்தக் கைய நான் தொட மாட்டேன்."

இரண்டு நாள் கோபம் என்று நினைத்து அவன் சிரித்தான். அன்று சாயங்காலம், அப்பா சொல்லித் தெரிந்துகொண்டு, தமிழ்வாணி போன் செய்தாள். இருபத்தாறு வருசம் பொறுத்தவள் இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் என்ன, அப்பாவுக்குக் கை திரும்பி வருகிற நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். சின்ன வயசில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்த பிள்ளை அவள். மாயக்காள் போனை வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வாங்கிய அடியைவிட மகள் கேட்டதுதான் வலித்தது.

அவன் வீம்புக்காகவே தானாகப் பயிற்சி செய்தான். பன்னிரண்டு வாரம் முடிந்தபோது டம்ளரைத் தூக்கி வாய்வரை கொண்டுபோக முடிந்தது. லீவரைப் பிடித்து இழுக்க விரலில் வலு வரவில்லை. ஜேசிபிக்காரரும் வேறு ஆள் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நல்ல பலன் என்று எழுதி, அவன் டம்ளரைத் தூக்குவது போல ஒரு போட்டோ எடுத்தார்கள். கூட நிற்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வராந்தாவிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது அவன் தன் கையாலேயே சாப்பிடுகிறான். கடைத்தெருவில் நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள் மாயக்காள். குழம்பு கேட்டால் எட்ட நின்று ஊற்றுகிறாள்.