ஈஸ்டர் கழிந்தும் தவசு

ஊரில் எல்லோருக்கும் தவசு காலம் நாற்பது நாள்தான். ஸ்தனிஸ்லாசுக்கு மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருடம் அது முடியவே இல்லை.

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் தள்ளி, சேர்வராயன் மலை நீலமாகத் தெரிகிற அந்த ஊரில், விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியவர்கள் ஈஸ்டர் வரை கறி, மீன் தொடமாட்டார்கள். ஈஸ்டர் பூசை முடிந்ததும் தொடுவார்களே ஒரு தொடல், மத்தியானத்துக்குள் ஊரே மசாலா வாசனையில் மயங்கிக் கிடக்கும். அன்றைக்கு ராயம்மாள் ஆட்டுக்கறிக் குழம்பை இறக்கி இலை போட்டபோது அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ், "எனக்குக் களியும் கீரையும் போதும் புள்ள" என்றார். விளையாட்டென்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். மாசி மாதம், மோட்டாருக்கு பேரிங் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ரயிலேறி, சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மேட்டுக்காட்டுக்கு ஏறினால் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவது போல இருந்தது. டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார், அண்ணனைப் பற்றிக் கேட்டார். இரண்டு பேருமே நாற்பத்தொன்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொம்பதுங்க. ஆகஸ்டு பதினஞ்சு வந்தா அம்பது."

டாக்டர் மாத்திரை எழுதினார். கறியையும் முட்டையையும் நெய்யையும் விட்டுவிட்டு கேழ்வரகு, கொள்ளு, கீரை, காய் என்று இருக்கச் சொன்னார். எல்லாம் உங்கள் காட்டில் விளைவதுதானே, ரொம்ப நாள் இருக்கலாம் என்றார். மாத்திரை பம்ப்செட் கொட்டாயில் ஓட்டுக்கு அடியில் ஒளிந்தது. கறியை விட்டதை எங்கே ஒளிப்பது?

பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல்ல முடியாது. ஆறு வருடத்துக்கு முந்தைய ஈஸ்டரன்று அண்ணன் சவுரியப்பன் இதே வீட்டில், ராயம்மாளின் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போனவர் தொட்டியோரம் உட்கார்ந்தார், எழவில்லை. கறி கெட்டிருந்ததோ, மசாலா கூடிப்போனதோ என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள் ராயம்மாள். இரண்டு வருடம் அந்தச் சட்டியையே எடுக்கவில்லை. அவளிடம் போய், கறிதான் எங்கள் வம்சத்துக்கு எமன் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் தன்னைப் பைத்தியம் என்றாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

ஊர் பைத்தியம் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக நினைத்தது. கோயிலுக்குப் போகிற மனுஷன் ஈஸ்டர் கழிந்தும் கறி தொடவில்லை என்றால், பெரிய பாவம் ஏதோ செய்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி, கோயில் சாமியார் கொடுத்த அபராதத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். தவசும் அபராதமும் தெரியாத பக்கத்துக் காட்டுக் காளியப்பனே ஒரு நாள் வரப்பில் நின்று கேட்டார்: "எங்க பொரட்டாசியே ஒரு மாசத்துல முடிஞ்சிடுது. உனக்கென்னாய்யா வருசம் பூராவுமா? அப்படி என்னாதான் பண்ணித் தொலைச்ச?"

ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். உண்மையில் அவருக்கு யார் பேச்சும் சரியாகக் காதில் விழுவதில்லை. உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. மேட்டுக்காட்டுக்கு ஏறும்போது ஏறுகிற நினைவே இருக்காது. அவரைக்கொடிப் பந்தலுக்கு அடியில் நின்றால் பச்சை வெளிச்சத்தில் தன் கையே வேறு யாருடைய கையோ போல இருக்கும். தூரத்தில் ரயில் கூவினால் அது போய் முடிகிற வரைக்கும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். நன்றாக இருந்தது. இந்த உலகம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதை விட்டுவிட்டா போவது என்று நினைப்பார்.

மத்தியானம் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தால் எப்போதும் ஒரே கனவு. சத்தமில்லாமல் ஓடுகிற ஓர் ஆறு. கரையில் நீளமான பந்தல். அப்பாவும் அண்ணனும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஓர் இலை காலியாக இருக்கும். "வாடா தனிசு, ஆறிப்போவுது" என்பார் அண்ணன். ராயம்மாளின் குழம்புதான், வாசனையே சொல்லும். "எனக்கு இன்னும் தவசு முடியலண்ணா" என்பார் இவர். தவசுக்காரனை வற்புறுத்தக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். இலையை மடித்து வைத்துவிடுவார். தவசு இருக்கிறவரை தன்னை அந்தப் பந்தியில் யாராலும் உட்காரவைக்க முடியாது என்று ஸ்தனிஸ்லாஸ் மனசார நம்பினார்.

ஆகஸ்டு பதின்மூன்று, திங்கட்கிழமை. ஐம்பதுக்கு இரண்டே நாள். அன்றைய கனவில் காலி இலை இரண்டு இருந்தது. இன்னொன்று யாருக்கு என்று கேட்க வாயெடுத்தவர் திடுக்கிட்டு விழித்தார். எதிரே சோற்றுக் கூடையோடு ராயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நேத்து பூசை முடிஞ்சி சாமியாருகிட்டயே கேட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரு என்னா பாவம் செஞ்சாருன்னு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய சொல்லக் கூடாதும்மான்னாரு. ஒண்ணுமே இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பாருல்ல?"

ஸ்தனிஸ்லாசுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது நின்றுவிட்டது.

"யாரா இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும். ஈஸ்டருல இருந்து நானும் தொடல. கொழம்பு வெச்சு வூட்டுக்கு வர்றவங்களுக்குப் போடறேன், நான் வாயில வெக்கறதில்ல. நீங்க பாக்கவே இல்ல. ரெண்டு பேரா கழிச்சா சீக்கிரம் கழியும்னு நெனச்சேன்."

நாலு மாதம் ஒரே வீட்டில், இல்லாத ஒரு பாவத்தைப் பாதி சுமந்திருக்கிறாள். அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் கொட்டாய் ஓட்டுக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். சேலம், டாக்டர், நாற்பத்தொன்பது, எல்லாவற்றையும் சொன்னார்.

ராயம்மாள் மாத்திரை அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, அவர் எதற்கு இத்தனை நாள் பயந்தாரோ அதைக் கேட்டாள்.

"அப்ப உங்க அண்ணன நாந்தான்..."

"எங்கப்பனுக்கு நீயா வெச்சுப் போட்ட? நீ வர்றதுக்கு முன்னயே போயிட்டாரு. இது எங்க ரத்தத்துல இருக்குது புள்ள. எங்க அண்ணன் எந்த வூட்ல தின்னிருந்தாலும் போயிருப்பாரு. உங் கையால தின்னுட்டுப் போனாரு, ஆசையா தின்னுட்டுப் போனாரு."

ஆறு வருடமாகத் தேக்கி வைத்திருந்ததை அவள் வாய்விட்டு அழுது தீர்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் காளியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து போனார்.

கூடையில் களி, கொள்ளுக் கடைசல், பண்ணைக்கீரை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

"பாவந்தான் இல்லன்னு ஆயிடுச்சே. இனிமே நீ கறி தின்னு" என்றார் அவர்.

"இப்படித் தின்னா ரொம்ப நாள் இருக்கலாம்னுதான டாக்டரு சொன்னாரு?" என்றாள் ராயம்மாள், விரலில் ஒட்டிய கடைசலை நக்கிக்கொண்டே. "அத்தன நாளு தனியா இருந்து என்னா பண்ணப் போறீங்க?"

அவர் மறுபடி துண்டில் சாய்ந்தார். கனவில் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் இரண்டு இலைகளையும் தானே மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்கடா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.