ஓம் என்று சொன்னவள்

பிரான்ஸ் பார்க்க வேண்டும் என்று செலஸ்ரீனா ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவளுடைய ஆசை, பக்தி, கனவு எல்லாம் பெர்மெஸ்ஸோ ஒன்றின் மேல்தான். இத்தாலியில் தங்கியிருக்கத் தருகிற அந்த அனுமதி காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்து, குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் தந்த துண்டுச்சீட்டு மட்டும் கையில் இருந்தது. துண்டுச்சீட்டோடு பலெர்மோவில் மூச்சு விடலாம். எல்லை தாண்ட முடியாது. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்கிறவனுக்குக்கூட இது தெரியும். அவள் வீட்டுவேலை செய்கிற சின்யோரா கியாராவுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நடித்தார்.

சின்யோரா ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. முழுதாகப் போகுமுன் ஆர்ல் நகரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தென் பிரான்சில் இருக்கிறதாம். ரோமர் கட்டிய அரங்கு, சிற்பம் செதுக்கிய கோவில் வாசல், ஓவியர்கள் தேடிப் போன வெயில் என்று அடுக்கினார். வெயில் பலெர்மோவிலும் வேண்டிய மட்டும் அடிக்கிறதே என்று செலஸ்ரீனாவுக்கு வாய்வரை வந்தது.

"நீ வராவிட்டால் பரவாயில்லை. மேல்மாடியில் வேலை செய்கிற மரி-ஃப்ரான்ஸை அழைத்துப் போகிறேன். மொரீசியஸ்காரி, பிரெஞ்சும் பேசுவாள்" என்றார் சின்யோரா.

அதற்கு அர்த்தம் இதுதான்: போன இடத்தில் எனக்கு மரி-ஃப்ரான்ஸைப் பிடித்துவிட்டால் உனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் புருஷனும் மகளும் அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புருஷன் பெனடிக்ற் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். அவன் தலையைச் சொறிந்தான். "போகாதை எண்டும் சொல்லேலாது, போ எண்டும் சொல்லேலாது. பொலிஸ் ஏதும் கேட்டால் நீ வாயைத் திறக்காதை. சின்யோரா கதைக்கட்டும்."

1996ஆம் ஆண்டு கோடைமுடிவில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறினார்கள். ஜெனோவாவில் மாறி, கடற்கரையை ஒட்டிப் போகிற இன்னொரு ரயிலில் குந்தினார்கள். அந்தச் சின்னப் பெட்டியில் அவர்கள் இருவரும்தான். குளிர்காற்று வந்தது. சின்யோரா தன் கறுப்புச் சால்வையைக் கொடுத்தார். எல்லையான வெந்திமீலியா நெருங்க நெருங்க செலஸ்ரீனா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வையைத் தலைக்கு மேலால் இழுத்து, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினாள். மாதாவே, பொலிஸை என்னிடம் ஒன்றும் கேளாமல் போகச் செய்யும். அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எல்லை கடந்ததும் கதவு திறந்தது. பிரெஞ்சுப் பொலிஸ்காரர் இருவர். சின்யோரா வாயைப் பிளந்துகொண்டு நல்ல நித்திரை. இளையவன் செலஸ்ரீனாவைப் பார்த்து ஏதோ கேட்டான். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுபடி கேட்டான். வாயைத் திறக்காதே என்று பெனடிக்ற் சொன்னது நினைவிருந்தது. ஆனால் பயத்தில் வாய் யாருடைய பேச்சைக் கேட்கும்? படித்த இத்தாலியன் பாஷை எல்லாம் பறந்துபோய், மன்னாரில் பிறந்த நாளிலிருந்து சொல்லிவந்த சொல்தான் வந்தது.

"ஓம்... ஓம்" என்று தலையை ஆட்டினாள்.

பொலிஸ்காரனின் முகம் மாறியது. "ஓம்?" என்று அவனும் கேட்டான். அவள் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள். அவன் மற்றவனைக் கூப்பிட்டான். குனிந்து, அவள் இருந்த இருக்கைக்குக் கீழே அடுக்கியிருந்த பயணப்பெட்டிகளை இழுத்தான். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்தது.

சட்டைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒரு தமிழ்ப் பொடியன். முகமெல்லாம் தூசி. அவர்கள் அவனை எழுப்பி நிறுத்தியபோது அவன் அவளைப் பார்த்தான். சால்வைக்குள் இருந்த இரண்டு கண்களைத்தான் பார்த்தான். அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளுடைய கடவுச்சீட்டை ஒருவரும் கேட்கவில்லை.

சத்தத்தில் எழுந்த சின்யோரா நடந்ததைக் கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். "பிரெஞ்சில் 'ஓம்' என்றால் ஆண்பிள்ளை என்று அர்த்தம், செலஸ்ரீனா! வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருப்பான். ஆண்பிள்ளை, ஆண்பிள்ளை என்று நீ சொல்லியிருக்கிறாய்!"

செலஸ்ரீனா சிரிக்கவில்லை. ஊரில் ஆமி சுற்றிவளைத்தால், ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, சாக்கால் முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போனதுதான். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அவளுடைய அண்ணன் கொட்வின் அப்படித்தான் போனான், திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. உலகத்தில் அவள் மனதார வெறுத்தது அந்த ஒருவனைத்தான்.

ஆர்ல் அழகான ஊர் என்று சொல்கிறார்கள். அவள் கண்டதெல்லாம் சீருடைகள்தான். அரங்கின் கல்வளைவுகளுக்குள் நுழைந்தாலும், அந்தப் பக்கத்தால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்தாள். வாயில்காப்பவன் தொப்பியைச் சரிசெய்தால் அவள் சின்யோராவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

சின்யோரா அவளைப் பழைய கோவில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "என் கண்ணுக்கு நிழல்தான் தெரிகிறது. நீ பார்த்துச் சொல். மேலே வலப்பக்கம் என்ன இருக்கிறது?"

செலஸ்ரீனா அண்ணாந்து பார்த்தாள். நடுவில் ஆண்டவர் நடுத்தீர்க்க உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் உடுப்போடு நல்லவர்கள். மறுபக்கம் உடுப்பில்லாத ஆட்கள், ஒரே சங்கிலியில் வரிசையாகக் கட்டுண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஆட்கள், சின்யோரா. பிடித்துக்கொண்டு போகிறார்கள்" என்றாள்.

"நரகத்துக்குப் போகிறவர்கள். எவ்வளவு அழகு, இல்லையா? அவர்களுடைய முகங்களைச் சொல்."

அவளால் சொல்ல முடியவில்லை. முகங்கள் கல்லில் தேய்ந்து போயிருந்தன. வரிசை மட்டும் தேயவில்லை. கண் கடிக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். திரும்பும் வழியில் எல்லையில் சின்யோரா இத்தாலியப் பொலிஸ்காரனோடு ஓயாமல் பேசினார். அவன் தப்பினால் போதுமென்று கையசைத்து விட்டான்.

வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதே பெனடிக்ற் சொன்னான். "கபோச் சந்தைப் பக்கத்திலை இருக்கிற ஜெனிஸ்டன் எண்ட பொடியன் பாரிசுக்குப் போகேக்கை பிடிபட்டிட்டானாம். இஞ்சையே திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். கோச்சியிலை ஒரு தமிழ்ப் பொம்பிளைதான் காட்டிக்குடுத்ததாம். முகத்தை மூடிக்கொண்டிருந்து தலையாட்டினதாம். ஆளைப் பிடிக்காமல் விடமாட்டன் எண்டு திரியிறான்."

"அது நான்தான்" என்றாள் செலஸ்ரீனா.

அவள் சொல்லி முடிக்குமட்டும் அவன் நின்றபடி நின்றான். பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்தான். "ஆரிட்டையும் மூச்சு விடாதை. ஓம் எண்டு ஏன் சொன்னனீ எண்டு ஆர் கேக்கப்போகினம்? தலையாட்டி எண்டு பேர் விழுந்தால் இந்த ஊரிலை ஒருத்தரும் எங்களுக்கு வாசல் திறக்காயினம். பிள்ளையையும் சும்மா விடாயினம். அவனுக்கு உன்ரை குரல்தான் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லுறதை விடு."

அவள் விட்டாள். சாப்பாடு இருக்கா என்று மகள் யூலியானா கேட்டால் இத்தாலியன்காரர் மாதிரி "சி" என்றாள். குளிக்கட்டா என்றால் "சி". சந்தையில் தமிழாட்கள் எதிர்ப்பட்டால் சும்மா சிரித்தாள். தலையை ஆட்டிவிடுவேனோ என்ற பயத்தில் கழுத்தை அசையாமல் வைத்து வைத்து, கழுத்தே பிடித்துக்கொண்டது. "அம்மா சிசிலியானா ஆகிட்டா!" என்று மகள் கேலி செய்தாள். கனவில் வந்த கொட்வின் ஒன்றும் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்ப் பூசை. போகாவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று பெனடிக்ற் கூட்டிக்கொண்டு போனான். பூசை முடிந்து எல்லாரும் கோவில் முற்றத்தில் நின்று தேத்தண்ணி குடித்தார்கள். நடுவில் ஜெனிஸ்டன் நின்றான். சவரம் செய்யாத முகம். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பிள்ளை என்பதை அப்போதுதான் கண்டாள். கோவிலுக்குள் போட்ட முக்காட்டை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"செலஸ்ரீனாவும் அந்தக் கிழமைதானே பிரான்சுக்குப் போனவ" என்றாள் கூட்டத்தில் நின்ற யோசப்பீன் அக்கா. வாய் சும்மா இருந்தால் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

ஜெனிஸ்டன் திரும்பினான். கிட்ட வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கண்களை இறுக மூடிக்கொண்டு, காதைக் கொடுத்தபடி கேட்டான்.

"அக்கா, நீங்களும் வெந்திமீலியாக் கோச்சியிலைதானோ போனனீங்கள்?"

பெனடிக்றின் விரல்கள் அவள் முழங்கையில் நகம் பதிய அழுத்தின. இல்லை என்பது சின்னச் சொல். விமானத்தில் போனோம் என்றால் முடிந்தது. சின்யோரா இங்கே வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் அண்ணனின் நினைவு வந்தது. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் ஒருநாள் சாக்கைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நின்றால் போதும், ஏன் ஆட்டினாய் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றுதானே இத்தனை காலமும் கிடந்து வெந்தாள்.

அவள் முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டாள்.

"ஓம் தம்பி" என்றாள்.

ஜெனிஸ்டன் கண்ணைத் திறக்காமலே நின்றான்.

"அந்தக் குரல்தான்" என்றான்.

யோசப்பீன் அக்கா யூலியானாவோடு விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பால் போனாள். செலஸ்ரீனாவின் முழங்கையிலிருந்து பெனடிக்றின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"கண்ணைத் திறந்து என்னைப் பார் தம்பி" என்றாள் அவள். "நான் சொல்லுறன்."