ஒரு விரல் வணக்கம்

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் யாரும் கையாட்ட மாட்டார்கள். ஸ்டீயரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார்கள். எதிரே வருகிறவர் பதிலுக்கு உயர்த்தினால் குசலம் விசாரித்து முடிந்தது. கனடாவின் சஸ்காட்சுவான்காரர்களுக்குப் பேச்சில் அவ்வளவு சிக்கனம்.

வாசிலின் பச்சை டிரக்குக்கு பானெட் மட்டும் வெள்ளை. மான் மோதி நசுங்கியபின் பழைய இரும்புக் கடையில் பிடித்து மாட்டியது. அரை மைல் தள்ளியே வாசில் வருகிறான் என்று தெரிந்துவிடும்.

ஏப்ரலில் அவன் மாரடைப்பில் போனான். மறுவாரம் அவன் மனைவி லெஸ்யா அந்த டிரக்கில் கனோரா டவுனுக்குப் போனபோது, எதிரே வந்தவர்கள் பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தச் சாலையில் அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அதன்பின் உப்பு வாங்க ஒருநாள், தபால்தலை வாங்க ஒருநாள் என்று சாக்குத் தேடித் தேடிப் போனாள்.

பிரேக் தேய்ந்த வண்டியை விற்றுவிடச் சொல்லிக் கொழுந்தன் நெஸ்டர் நச்சரித்தான்.

"பனி விழப்போவுது அண்ணி. இந்தத் தகர டப்பாவ வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"என் மூச்சு இருக்கிறவரைக்கும் இது இங்கதான் நிக்கும். நீ போய் உன் மாட்டப் பாரு."

செப்டம்பரில் ஒருநாள் கடை வாசலில் பக்கத்துப் பண்ணை டுவைன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்கக்கா. நேத்து வண்டியப் பாத்ததும் வாசில் அண்ணன்னு நெனச்சு விரலத் தூக்கிட்டேன். உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நீ தூக்கு" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. டுவைன் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை, கண்ணீரைத்தான் பார்த்தான். நேரே காபிக் கடைக்குப் போய்ச் சொன்னான். நல்ல மனிதர்கள் கூடி ஒரு முடிவெடுத்தால் யாரால் தடுக்க முடியும்?

அடுத்த செவ்வாயன்று கனோரா போகும் வழியில் பதினோரு வண்டிகள் எதிரே வந்தன. ஒரு விரலும் எழவில்லை. வேகத்தைக் குறைத்து, தலையைத் தாழ்த்தி, சவ ஊர்வலத்தைக் கடப்பதுபோல் கடந்து போனார்கள். பன்னிரண்டாவதாக டுவைன் வந்தான். லெஸ்யா முந்திக்கொண்டு தன் விரலை உயர்த்தினாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

வண்டியை ஓரங்கட்டி, அடக்கத்தன்று அழாத அழுகையை அங்கே அழுதாள். பிறகு திருப்பிக்கொண்டு நெஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சாவியை நீட்டினாள்.

"வித்துரு."

"என்ன அண்ணி திடீர்னு? பிரேக் போயிடுச்சா?"

"இல்லப்பா. உங்க அண்ணன் போயிட்டாரு."