நீலம் காய்வதற்குள்

கை துடைக்கிற காட்டன் வேஸ்ட்டை விலக்கியதும் ரிவால்வர் நேற்று இருந்தபடியே வைஸின் இரும்புப் பிடியில் மாட்டிக்கொண்டு நின்றது. பாண்டித்துரைக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. முந்தின நாள் மத்தியானம் இதன் முன்னால்தான் அவன் அண்ணன் கார்மேகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அமளியிலும் இது யார் கண்ணிலும் படக்கூடாதென்று வேஸ்ட்டை அள்ளி மேலே போட்டவன் பாண்டித்துரைதான்.

அரபு நாட்டில், முசஃபாவில் இருந்த அந்த லேத் பட்டறை முதலாளி மக்தூமுடையது. துப்பாக்கியும் அவருடையதே, லைசென்ஸோடு. ரெண்டு தடவை ஏதோ ஒரு கார் அவரைப் பின்தொடர்ந்து வந்ததாம், மனுஷர் பயந்துவிட்டார். கந்தூரா அங்கியின் பையில் வைத்துக்கொள்ளலாமென்றால், பின்பக்கம் கட்டைவிரலால் இழுக்கிற கொம்பு துணியில் மாட்டியது. அதை மட்டும் வெட்டித் தா என்று கார்மேகத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு எவன் கேட்டிருந்தாலும் கார்மேகம் போடா என்றிருப்பான். கேட்டது மக்தூமாயிற்றே. கொரோனா சமயத்தில் ஊரெல்லாம் ஆட்களை வேலையைவிட்டு விரட்டியபோது, இவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு, பிரியாணிச் சட்டியைத் தன் கையால் தூக்கிவந்து தொழிலாளர் கேம்ப் வாசலில் வைத்த மனுஷர்.

"துப்பாக்கிக்கு அவருகிட்ட லைசென்ஸ் இருக்கு. அதுல கை வைக்க நமக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்? மாட்டுனா அவரு வீட்டுக்குப் போவாரு, நாம ஜெயிலுக்குப் போவோம்," என்பான் கார்மேகம் காலையில். சாயங்காலம் ஆனால், "சோறு போட்ட மனுசன்டா. எவனாச்சும் அவர ஏதாச்சும் செஞ்சுட்டா?" என்பான். மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும். அண்ணன் அந்த வாரம் முழுக்கக் குதிக்கவில்லை.

இன்று காலையில் மக்தூம் கண் வீங்கி வந்தார். "பாடியை ஊருக்கு அனுப்புற பேப்பர் வேலையெல்லாம் நான் பாக்குறேன். நீ கூடப் போ," என்றார் இந்தியில். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அது... முடிஞ்சுதா? இல்லன்னா போறதுக்கு முன்னாடி நீ முடிச்சுக் குடு. வேற யாரையும் நம்ப முடியாது."

கேட்டதற்கு அவரே கூசுவது முகத்தில் தெரிந்தது. பாண்டித்துரைக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

அவர் போனதும் ஊரிலிருந்து மதினி சீதாலட்சுமி அழைத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"தம்பி, அந்தத் துப்பாக்கி விசயம் என்னாச்சு?"

"ஒங்ககிட்டயும் சொன்னாரா மதினி?"

"ஒரு வாரமா வேற பேச்சே இல்லையேப்பா. நேத்துக் காலைல பேசையில, முடிவு பண்ணிட்டேன் சீதான்னாரு."

"என்ன முடிவு?"

"கேக்கல தம்பி. அடுப்புல பால் பொங்குச்சு. அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன்."

பாண்டித்துரை போனை வைத்துவிட்டுத் துப்பாக்கியிடம் வந்தான்.

வைஸின் பக்கத்தில் பாதி குடித்த சுலைமானி டீ இருந்தது. பாண்டித்துரை குனிந்து பார்த்தான். கொம்பில் வெட்டு எதுவும் விழவில்லை. அடியில் மட்டும் நீலம் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. வெட்டுகிற இடத்தில் மார்க்கிங் நீலம் பூசி, அது காய்ந்த பிறகு கோடு கீறி, அப்புறம்தான் அண்ணன் ரம்பத்தைத் தொடுவான். இங்கே நீலம் இருந்தது, கோடு இல்லை. நீலம் பூசியவன் வெட்டத்தானே பூசியிருப்பான்? அப்படியானால் அதை முடித்துக் கொடுப்பதுதானே தம்பிக்கு அழகு? பாண்டித்துரை ஹேக்ஸா ரம்பத்தைக் கையில் எடுத்தான். அதற்குள் மார்ச்சுவரியிலிருந்து போன் வந்தது, வந்து அடையாளம் காட்டச் சொல்லி.

மலையாளி ஊழியர் ஒருவர் துணியை விலக்கினார். அண்ணன் டூட்டி முடித்துத் தூங்குகிறவன் மாதிரி கிடந்தான். பாண்டித்துரை கையைப் பிடித்தான், சில்லென்றிருந்தது. வலது கட்டைவிரல் முழுக்க நீலம்.

காய்ந்த நீலம் விரலுக்கு வராது, தின்னர் வைத்துத்தான் துடைக்க வேண்டும். ஈரத்தில் தேய்த்தால்தான் இப்படி அப்பும். அப்படியென்றால் பூசின சூட்டோடு, கோடுகூடப் போடாமல், அண்ணன் அதை அழித்திருக்கிறான். வேண்டாமென்று முடிவு செய்துதான் அழித்தானா? இல்லை, நெஞ்சு வலித்த வேகத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்தானா?

"என்னண்ணே முடிவு பண்ணுன?" என்று கேட்டேவிட்டான். ஊழியர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்து, "விரலைத் துடைக்கட்டா?" என்றார்.

"வேணாம் சேட்டா. இருக்கட்டும்."

சாயங்காலம் பட்டறைக்கு வந்து கொம்பில் புதிதாக நீலம் பூசினான். அண்ணன் சட்டையில் எப்போதும் அடிக்கும் அதே வாடை. கீறுகிற ஊசியைப் பிடித்தபடி அது காயக் காத்திருந்தான். பிரியாணிச் சட்டி, ஜெயில், பொங்கிய பால் எல்லாம் மாறி மாறி மனதில் வந்தன, ஒன்றும் தெளியவில்லை. வெளியே மக்தூமின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. காய்வதற்குள் அவனுடைய கட்டைவிரல் போய் நீலத்தை வழித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

ரிவால்வரைக் கழற்றித் துணியில் சுற்றி நீட்டினான். மக்தூம் பிரித்துப் பார்த்தார்.

"மாஃபி?" இல்லையா என்று அரபியில் கேட்டார்.

"மாஃபி, அர்பாப்."

அவர் துப்பாக்கியைப் பையில் திணித்தார். கொம்பு துணியில் மாட்டிக்கொண்டது. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார். பிறகு பாண்டித்துரையைக் கட்டிக்கொண்டு, கார்மேகம், கார்மேகம் என்று அழுதார். பாண்டித்துரைக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு கையாலும் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவர் காரை நோக்கி நடந்தபோது, வெள்ளைக் கந்தூராவின் முதுகில் நீலமாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. பாண்டித்துரை கூப்பிட வாயெடுத்தான். கார் கிளம்பும்வரை அப்படியே நின்றான்.