குதிகால் வெடிப்புக்குத் தடை

என் அண்ணி தேன்மெழுகை உருக்கி, எண்ணெய் கலந்து டப்பாக்களில் ஊற்றி, ‘குதிகால் வெடிப்புக்குக் களிம்பு’ என்று விற்பனைச் செயலியில் போட்டார். உடனே தடை வந்தது. வெடிபொருள் விற்கக் கூடாதாம். அவர் சேவை மையத்தை அழைத்தார்.

“‘வெடி’ன்னு வந்தா கம்ப்யூட்டர் தானா நிறுத்திடும் மேடம்.”

“போட்டோவப் பாத்தீங்களா?”

“பாத்தேன், கால்தான் இருக்கு. ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேற வார்த்தை போடுங்க.”

“கண்ணு இருக்கறது உங்களுக்கு, முடிவு பண்றது அந்தக் கழுதையா?” என்று அண்ணி போனை வைத்தார்.

“மாத்திதான் போடுங்களேன் அண்ணி,” என்றேன்.

“அந்த முட்டாள் கம்ப்யூட்டருக்காக நான் தமிழை மாத்தணுமா?”

செயலியை அழித்துவிட்டு, டப்பாக்களோடு பக்கத்திலிருந்த பஞ்சாலை வாசலுக்குப் போனார். நாளெல்லாம் நின்று வேலை செய்யும் பெண்கள், வெடிப்பு என்றதும் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார்கள்.