வலை இல்லாத முற்பகல்

"நாளைக்குக் காலமை நீங்கள் வீட்டில இருந்தா, பிள்ளைக்கு என்ன செய்து குடுப்பீங்கள்?" என்று சுபோதினி மிஸ் கேட்டபோது, வட்டமாக உட்கார்ந்திருந்த தகப்பன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறைச்சாலைக்குள் தகப்பன்மாருக்கென்றே நடந்த வகுப்பு அது. மிஸ் புதன்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து வந்துபோவார்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம். சின்னதா ஒண்டு சொல்லுங்கோ."

புஷ்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சடை பின்னி விடுவேன் மிஸ்."

"பின்னத் தெரியுமோ?"

"தெரியாது மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த மக்கீன்தான் அதிகம் சிரித்தார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

புஷ்பராஜ் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்திய வாரம் தொலைபேசியில் பேசக் கிடைத்தபோது, மகள் யதுஷிக்கு முடி இடுப்பைத் தொட்டுவிட்டது என்று மனைவி அனுஷியா சொல்லியிருந்தாள். காலையில் அதைச் சீவிப் பின்னிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கொட்டாஞ்சேனையில் பஸ் பிடித்து வெள்ளவத்தைப் புடவைக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போகிறது என்றாள். மற்றதெல்லாம் மறந்து போனாலும் அந்த முடி மட்டும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. அவன் உள்ளே வரும்போது பிள்ளைக்குக் கழுத்தளவு முடிதான். பள்ளிக்கூடமும் போகத் தொடங்கியிருக்கவில்லை.

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இளவயதிலேயே கொழும்புக்கு வந்தவன் அவன். ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யாட் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஒருநாள் மத்தியானம் மேற்பார்வை பார்க்கிற ஆளோடு வாய்த்தகராறு. அந்த ஆள் எல்லோர் முன்னாலும் "தோட்டக்காட்டான்" என்று இழிவாக ஏசினான். கையில் இருந்த இரும்புக் கொக்கி எப்போது உயர்ந்தது என்று புஷ்பராஜுக்கே தெரியாது. அந்த மனிதனுக்கு ஒரு கண் போயிற்று. இவனுக்கு நான்கு வருடம் கிடைத்தது.

யதுஷியை ஒரேயொரு தடவைதான் பார்க்க அழைத்து வந்தார்கள். நடுவில் கம்பி வலை. வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ஆளை ஆள் மீறிக் கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். அந்த இரைச்சலில் பிள்ளை பயந்து வீரிட்டு அழுதது. அதற்குப் பிறகு அனுஷியா தனியாகவே வந்தாள். அவனும் கூட்டி வா என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் இடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளை நின்றால் தலை இருக்கக்கூடிய உயரத்தில், அவன் கண் போய் நின்றுவிட்டுத்தான் அவள் முகத்துக்கு ஏறும்.

அடுத்த புதன்கிழமை மிஸ் கறுப்புக் கம்பளி நூலை மூன்று கொத்தாகக் கொண்டுவந்து பின்னிப் பழகக் கதிரை முதுகில் கட்டிவிட்டார். கொக்கியும் லீவரும் பிடித்துக் காய்த்த புஷ்பராஜின் விரல்களுக்குள் நூல் நிற்கவில்லை. மக்கீன் குனிந்து பார்த்தார். தம்பி என்பதற்கு அவர் சிங்களத்தில் மல்லி என்பார், அவரை அண்ணன் முறையில் நானா என்பான் புஷ்பராஜ்.

"அப்பிடி இறுக்காத மல்லி. புள்ளக்கித் தல நோகும்."

"தளர்வா விட்டா அவுந்துருது நானா."

"அவுந்தா திரும்பப் பின்னு. புள்ள எங்க ஓடப் போறா?"

வகுப்பு முடிகிற மாதத்தில் குடும்ப நாள் ஒன்று வைப்பதாக மிஸ் சொன்னார். வலை இல்லை. மண்டபத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு முற்பகல் முழுக்க இருக்கலாம். "பிள்ளை கிட்ட வராட்டிலும் பிடிச்சு இழுக்காதேங்கோ. கீழ இருந்து பொறுமையாப் பாத்துக்கொண்டு இருங்கோ. கேட்டா உண்மையச் சொல்லுங்கோ. எவ்வளவு சொல்ல வேணுமோ அவ்வளவு."

அனுஷியாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு தொலைபேசி அழைப்புகள் பிடித்தன. "பழையபடி பயந்துட்டாள்னா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் மிஸ் கடைக்கே போய் அவளோடு கதைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பராஜ் விடியுமுன்பே முகம் மழித்துவிட்டான். மண்டபக் கதவு திறந்ததும் குடும்பங்கள் உள்ளே வந்தன. அவன் நீண்ட சடை ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றான். சடை வைத்த பிள்ளைகள் மூன்று நான்கு பேர் வந்தார்கள், ஒன்றும் அவனுடையதில்லை. ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு சிறுவன் அவனைத் தாண்டிப் பார்வையை ஓட்டியபடி நின்றான். சிறுவனின் கையைப் பிடித்திருந்தவள் அனுஷியா.

சிறுவன் இல்லை. யதுஷி.

"பேனுங்க," என்றாள் அனுஷியா மெதுவாக. "பள்ளிக்கூடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. உக்காந்து சீவ எனக்கு நேரம் ஏது? நானே வெட்டிட்டேன்."

"நல்லதுதான். வெயிலுக்கு லேசா இருக்கும்," என்றான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு மிஸ் சொன்னது ஞாபகம் வந்து பாயில் உட்கார்ந்தான்.

யதுஷி அம்மாவின் பின்னால் போய்விட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பற்றிஸ் பலகாரத்தில் ஒன்றைத் தின்றாள். எதிர்ப்பாயில் இருந்த பிள்ளையோடு பந்து உருட்டினாள். பந்து இவன் பக்கம் வந்தபோதெல்லாம் திருப்பி உருட்டிவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மகள் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறாள், தொடக்கூடாது. வலைக்குப் பின்னால் நின்று கத்தியது இதைவிட இலேசாக இருந்ததென்று தோன்றியது.

பந்து அலுத்துப்போன பிறகு அவளாகவே வந்து பாயின் ஓரத்தில் நின்றாள்.

"நீங்க ஒரு மாமாவக் கொன்னுட்டீங்களா?"

அனுஷியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "யதுஷி, யாரு சொன்னது?"

"கிளாஸ்ல."

"கொல்லல்லம்மா," என்றான் புஷ்பராஜ். "அடிச்சிட்டேன். அவருக்கு ஒரு கண்ணு தெரியாமப் போயிருச்சு. அதுக்குத்தான் இங்க வச்சிருக்காங்க."

"ஏன் அடிச்சீங்க?"

"கோவம் வந்துருச்சு."

"ஏன் கோவம் வந்துச்சு?"

மேற்பார்வை ஆள் சொன்ன அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் பிள்ளை தன் பக்கம் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். "அவரு ஏசினாரு. ஏசினதுக்கு நான் கண்ணப் பறிச்சிருக்கக் கூடாது. அது அப்பா செஞ்ச பெழை."

யதுஷி பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கோவம் வரும். முடி வெட்டினப்ப அம்மாவக் கடிச்சிட்டேன்."

அனுஷியா முன்கையை நீட்டிக் காட்டினாள். அரைவட்டமாகப் பற்கள் பதிந்த தழும்பு இன்னும் மங்கவில்லை. புஷ்பராஜுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம்.

"தொட்டுப் பாருங்க," என்று யதுஷி தலையைக் குனித்தாள். "முள்ளு மாதிரிக் குத்தும்."

அவன் உள்ளங்கையை வைத்தான். குத்தவில்லை. சூடாக இருந்தது. கையை எடுக்கச் சொல்லும்வரை எடுக்கக்கூடாது என்று நினைத்தான். அவள் சொல்லவில்லை. குனிந்தபடியே டீச்சர் வளர்க்கிற கிளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கிளிக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியுமாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "வெலாவ இவரய்" என்று காவலர் நேரம் முடிந்ததை அறிவிக்கும்போது கிளியின் கதை பாதியில்தான் நின்றது.

போகும்போது அவள் கட்டிப்பிடிக்கவில்லை. கதவடியில் திரும்பிப் பார்த்து, "அடுத்த ஃபோன்ல மிச்சத்தச் சொல்றேன்," என்றாள்.

பின்னேரம் குளிக்கிற தொட்டியடியில் வரிசையில் நின்றபோதுதான் புஷ்பராஜுக்கு மக்கீனின் நினைவு வந்தது. அவரை மண்டபத்தில் கடைசிவரை பார்த்திருந்தான். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கதவுக்கு நேரே விரித்த பாயில் தனியாக இருந்தார். அவருடைய ஆட்கள் யாரும் வரவில்லை.

"நானா," என்று பக்கத்தில் போனான்.

"புள்ள என்ன சென்ன?" என்று மக்கீனே கேட்டார்.

புஷ்பராஜ் சுருக்கமாகச் சொல்லப் பார்த்தான். அவர் விடவில்லை. என்ன நிறச் சட்டை, பற்றிஸ் ஒன்றா இரண்டா தின்றாள், வலது கையால் பந்து உருட்டினாளா இடது கையாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புஷ்பராஜ் கிளியின் கதை நின்ற இடம்வரை ஒவ்வொன்றாகச் சொன்னான். கடித்த கதைக்கு வந்தபோது மக்கீன் வாய்விட்டுச் சிரித்தார்.

"எண்ட சின்னவளும் கடிப்பா," என்றார். "இப்ப கடிக்கிறத விட்டீப்பா போல. பெரிசாகீப்பாதானே."

வரிசை நகர்ந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னே போய் நின்று, திரும்பாமலே, "அந்தக் கிளிட கதய இன்னொருக்காச் செல்லு," என்றார்.