புரிந்தால் தப்பு

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள் அவள். பதிப்பாளர் அவளைத் தேடிச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதாம்மா. ஆனா சாரோட மொழிபெயர்ப்பு அச்சுக்குப் போகணும். அந்த ஒரு சொல்லு வர்ற இடத்தையெல்லாம் சார் காலியாவே விட்டு வெச்சிருக்கார். கடைசியா ஏதாவது சொன்னாரா?"

ஆள் போனாலும் அந்தச் சொல் அவளை விட்டபாடில்லை. நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே ஒரு வாழ்க்கைக்குள் வந்து கிடக்கிறோமே, அந்த நிலைக்கு எவனோ ஒரு வெளிநாட்டுத் தத்துவவாதி வைத்த பெயர் அது. அதைத் தமிழாக்கத்தான் மனிதர் தலை நரைக்கும்வரை மல்லுக்கட்டினார். தெருவில் அவருக்கு 'அகராதி' என்றே பட்டப்பெயர். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

புதுச் சொல் கிடைத்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவளிடம்தான் பரீட்சை. "புரியுதா?" என்பார். புரியவில்லை என்றால் முகம் மலரும். புரிகிறது என்றால் சொல்லை அடித்துவிடுவார். "உனக்கே புரிஞ்சா அது என்ன தத்துவம்?" மகளும் அப்பாவோடு சேர்ந்து சிரிப்பாள். இவளும் சிரித்துவைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

இன்று காலை மாத்திரை கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அகப்படல்... புரியுதா?"

புரிந்தது. இந்த வீடு, இந்த அடுப்பு, கேட்காமலே கட்டிவைத்த இந்த மனிதர், எல்லாம் அந்த ஒரே சொல்லில் வந்து நின்றன. அவர் முதன்முதலாக அவளைப் பற்றிப் பேசியதுபோல் இருந்தது.

"நல்லாப் புரியுதுங்க."

"அப்ப அது இல்ல." கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. மகள் வந்து சேர்வதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

பதிப்பாளர் இன்னும் காத்திருந்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள்.

"சரிம்மா. முதல்ல 'எறிவுற்றமை'ன்னு ஒண்ணு வெச்சிருந்தார். அதையே போட்டுடலாமா? உங்களுக்கு எப்படிப் படுது?"

அவள் அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு மண்ணும் புரியல. அதையே போடுங்க, அவருக்குப் பிடிக்கும்."

பதிப்பாளர் தலையாட்டினார்.

"அம்மா, டீ கேக்கறாங்க" என்று கூடத்திலிருந்து மகள் குரல் கொடுத்தாள். அவள் தட்டில் தம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.